ஜெர்மனியின் உச்ச ராணுவ அதிகாரியைத் 'தலைமைத் தளபதி' என்று எழுதாதீர்கள்

ஜெர்மன் ராணுவம் பற்றித் தமிழில் எழுதும்போது கார்ஸ்டன் ப்ராயரின் பெயருக்கு முன்னால் 'தலைமைத் தளபதி' என்று சுலபமாகப் போட்டுவிடுகிறோம். தோளில் நான்கு நட்சத்திரம், சீருடை அணிந்தவர்களில் அவருக்கு மேல் யாரும் இல்லை, அப்புறம் என்ன என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பதவியை உருவாக்கியவர்கள் எதைத் தவிர்க்க அவ்வளவு மெனக்கெட்டார்களோ, அதையே இந்தச் சொல் அவர் தலையில் ஏற்றிவைக்கிறது. அவர் 2023 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட பதவியின் பெயர் ஜெனரல் இன்ஸ்பெக்டர்.

கட்டளை அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை ஜெர்மனியின் அரசியல் சாசனமான அடிப்படைச் சட்டமே சொல்கிறது. 65ஏ பிரிவின்படி அமைதிக் காலத்தில் அது பாதுகாப்பு அமைச்சருடையது. நாடு தாக்கப்பட்டு 'தற்காப்பு நிலை' அறிவிக்கப்பட்டால் 115பி பிரிவின்படி சான்சலர் கைக்குப் போகும். முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவருக்கு என்று பள்ளியில் படித்த நமக்கு இது புதிதாக இருக்கும். ஜெர்மன் குடியரசுத் தலைவருக்கு அந்த அதிகாரம் எந்த நிலையிலும் இல்லை. ஜெனரல் இன்ஸ்பெக்டருக்கும் இல்லை.

இதற்குப் பின்னால் இருப்பது அனுபவம். முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த வைமார் குடியரசில் உச்சக் கட்டளை அதிபரிடம் இருந்தது. ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸேக்ட் காலத்தில் ராணுவம் அரசுக்குள் தனி அரசாக வளர்ந்தது. 1934 ஆகஸ்ட் 2 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் இறந்தார். அன்றே படையினர் ஹிட்லர் என்ற தனிமனிதனின் பெயரைச் சொல்லி விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். 1938-ல் ஹிட்லர் போர் அமைச்சகத்தையே கலைத்துவிட்டு நேரடிக் கட்டளையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அதனால்தான் 1956-ல் சட்டத்தைத் திருத்தியவர்கள், நாடாளுமன்றம் நிற்கவைத்துக் கேள்வி கேட்கக்கூடிய ஓர் அமைச்சரிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள்.

புதிய ராணுவமான புண்டஸ்வேர் 1955 நவம்பர் 12 அன்று பிறந்தது. 1957 ஜூனில் அடோல்ஃப் ஹாய்சிங்கர் முதல் ஜெனரல் இன்ஸ்பெக்டரானார். 'தலைமைப் படைப்பணியகத்தின் தலைவர்' என்ற பழைய பிரஷ்யப் பட்டத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, 'ஆய்வு செய்பவர்' என்று பொருள் தரும் பெயரை வைத்தார்கள். போர் மூண்டால் படைப்பிரிவுகளில் பெரும்பாலானவை நேட்டோவின் கட்டளைக்குள் போய்விடும் என்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. ஆகவே போரை நடத்தும் ஜெர்மன் ஜெனரல் ஒருவர் அன்றைய மேற்கு ஜெர்மன் தலைநகரான பான் நகரில் தேவைப்படவில்லை. படைகளைத் திட்டமிட, தயார்ப்படுத்த, அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல ஒருவர் போதும் என்று கருதினார்கள்.

இதன் விளைவு இன்று கேட்டால் நம்பக் கடினமானது: 2012 வரை நாட்டின் உச்ச ராணுவ அதிகாரி எல்லாப் படைவீரர்களுக்கும் மேலதிகாரி இல்லை. தரைப்படை, விமானப்படை, கடற்படை ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்ஸ்பெக்டர் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தார். தன் படையின் தயார்நிலைக்கு அவர் நேரடியாக அமைச்சருக்குப் பதில் சொன்னார். 1970-ல் ஹெல்முட் ஷ்மிட் அமைச்சராக இருந்தபோது வந்த பிளாங்கெனேஸ ஆணை, ஒட்டுமொத்தத் திட்டமிடலை ஜெனரல் இன்ஸ்பெக்டரின் பொறுப்பாக்கியது. 2005-ன் பெர்லின் ஆணை வெளிநாட்டுப் பணிகளில் அவர் கையை வலுப்படுத்தியது. 2012 மார்ச்சில் வந்த டிரெஸ்டன் ஆணைதான் அவரை எல்லா வீரர்களுக்கும் மேலதிகாரி ஆக்கியது. படை இன்ஸ்பெக்டர்கள் அமைச்சகத்தை விட்டு வெளியேறினார்கள்: தரைப்படைத் தலைமையகம் ஷ்ட்ராவுஸ்பெர்குக்கு, கடற்படையுடையது ரோஸ்டாக்குக்கு. 1970-ல் ஜெனரல் இன்ஸ்பெக்டராக இருந்தவர் உல்ரிச் டி மெஸியேர். 2012 ஆணையில் கையெழுத்திட்ட அமைச்சர் அவருடைய மகன் தாமஸ் டி மெஸியேர்.

2012 மாற்றம் சரியானது என்பதே என் கருத்து. பொறுப்பை ஒருவரிடமும் அதிகாரத்தைப் பல பேரிடமும் வைத்தால், தவறு நடந்த அன்று யாரைக் கேட்பது? ஆனால் அதிகாரத்தைக் கூட்டினால் மட்டும் இந்தப் பதவியின் உண்மையான பலவீனம் தீராது. அந்தப் பலவீனம் கட்டளையில் இல்லை, தகவலில் இருக்கிறது. அமைச்சருக்குத் தெரிய வேண்டியது தெரிகிறதா, தளபதிகளுக்குத் தெரிய வேண்டியது அமைச்சகத்திலிருந்து வருகிறதா என்பதில்தான் இந்தப் பதவி உடைகிறது.

1966 ஆகஸ்டில் வீரர்கள் தொழிற்சங்கத்தில் செயல்பட அனுமதிக்கும் ஆணை வெளிவந்தபோது, அப்போதைய ஜெனரல் இன்ஸ்பெக்டர் ஹைன்ஸ் ட்ரெட்னர் பதவி விலகினார். அதே மாதம் ஸ்டார்ஃபைட்டர் விமான விபத்துகளால் எழுந்த நெருக்கடியில் விமானப்படை இன்ஸ்பெக்டர் பானிட்ஸ்கியும் போனார். அமைச்சகத்தின் குடிமை அதிகாரிகளும் சீருடைக்காரர்களும் ஒருவரை ஒருவர் நம்பாத காலம் அது.

குந்தூஸ் இன்னும் மோசம். 2009 செப்டம்பர் 4 அதிகாலை, ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் ஆற்று மணல்திட்டில் சிக்கி நின்ற இரண்டு எரிபொருள் டேங்கர் லாரிகள்மேல், ஜெர்மன் கர்னல் ஒருவரின் உத்தரவில் அமெரிக்கப் போர்விமானங்கள் குண்டு வீசின. பொதுமக்களும் இறந்தார்கள். அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் யுங் முதலில் இறந்தவர்கள் தாலிபான்கள் என்றார். பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று காட்டிய ராணுவக் காவல்துறை அறிக்கை அந்த மாதமே தயாராகிவிட்டது. அதை நேட்டோவுக்கு அனுப்ப ஒப்புதல் கொடுத்ததாகவும், உள்ளடக்கத்தைப் படிக்கவில்லை என்றும் யுங் பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அக்டோபர் இறுதியில் புதிய அமைச்சரவை அமைந்து குட்டன்பெர்க் பாதுகாப்பு அமைச்சரானார். நவம்பர் 6 அன்று அவர் தாக்குதல் ராணுவ ரீதியில் பொருத்தமானது என்று அறிவித்தார். நவம்பர் 26 அன்று ஒரு நாளிதழ் அந்த அறிக்கையை வெளிக்கொண்டுவந்தது. அன்றே ஜெனரல் இன்ஸ்பெக்டர் வொல்ஃப்காங் ஷ்னைடர்ஹான் பதவி இழந்தார், அரசுச் செயலர் விஷர்ட்டும் உடன் போனார். மறுநாள் யுங் தன் புதிய தொழிலாளர் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். டிசம்பர் 3 அன்று குட்டன்பெர்க் தன் மதிப்பீட்டை மாற்றி, தாக்குதல் பொருத்தமற்றது என்றார். தன்னிடம் ஆவணங்கள் மறைக்கப்பட்டன என்று அமைச்சர் சொன்னதை ஷ்னைடர்ஹான் மறுத்தார். இருவரில் யார் சரி என்று நாடாளுமன்ற விசாரணைக் குழுவிலும் கட்சிகளுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை.

கவனியுங்கள், இங்கே தாள் நகர்ந்திருக்கிறது. அதில் எழுதியிருந்தது மட்டும் நகரவில்லை. ஓர் அமைச்சர் படிக்காமல் அனுப்பினார், அடுத்தவர் வந்தபோது அது அவர் மேசையில் இல்லை. கட்டளை அதிகாரம் எத்தனை இருந்தாலும் இதற்கு மருந்தாகாது. என்னைக் கேட்டால், பொதுமக்கள் உயிரிழப்பு பற்றிய ஒவ்வோர் அறிக்கையும் தேதி, நேரத்தோடு அமைச்சரின் கையெழுத்துடன்தான் கோப்பில் சேர வேண்டும். அமைச்சர் மாறும் நாளில், திறந்திருக்கும் விவகாரங்களின் பட்டியலை ஜெனரல் இன்ஸ்பெக்டர் நேரில் உட்கார்ந்து புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும். இது பெரிய சீர்திருத்தமே இல்லை, இரண்டு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய விதி.

2024 ஏப்ரல் 30-ன் ஒஸ்னாபுரூக் ஆணையில் அமைச்சர் பிஸ்டோரியுஸ் கட்டமைப்பை மறுபடி மாற்றினார். இணையவெளி, தகவல் பிரிவு நான்காவது படையானது. உள்நாட்டுப் பணிக்கும் வெளிநாட்டுப் பணிக்கும் சேர்த்து ஒரே செயல்பாட்டுக் கட்டளையகம் வந்தது. ஜெனரல் இன்ஸ்பெக்டரின் கீழ் வருவது முன்பைவிட நிறைய. இத்தனைக்கும் அவர் அரசின் முதன்மை ராணுவ ஆலோசகர், அமைச்சரின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர். வெளிநாட்டுக்கு ஆயுதப் படையை அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 1994 ஜூலையில் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது.

ஆகவே எழுதும்போது 'ஜெனரல் இன்ஸ்பெக்டர்' என்றே எழுதுங்கள், அல்லது 'உச்ச ராணுவ அதிகாரி' என்று. தளபதி என்ற சொல் அவசியம் வேண்டுமென்றால் அதைப் பாதுகாப்பு அமைச்சர் பெயரோடு சேருங்கள்.