காட்சிக்கு நிற்கும் புல்லட்டும் சாலையில் ஓடும் புல்லட்டும்

பழைய வாகனக் கண்காட்சி நடக்கும் நாளில் விடியற்காலையிலேயே போய் மைதானத்தின் பின்வாசல் பக்கம் நின்று பார்த்தால், பகலில் முன்வாசல் வழியாக நுழைகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும். பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகளில் கயிறு கட்டி வந்து இறங்குகின்றன; மாலையில் பரிசுக் கோப்பையோடு அதே முறையில் ஏறித் திரும்புகின்றன. அவற்றில் பலவற்றின் டேங்கில் பெட்ரோலே இருப்பதில்லை. ஓட்டுவதற்காக இல்லாமல் காட்டுவதற்காக மட்டுமே ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்பது, அந்த வண்டிக்குச் செய்யும் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. அண்மைக் காலச் சட்டமும் நம்மை அந்தத் திசையில்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1958ஆம் ஆண்டின் 350 சிசி புல்லட். ஊசி உற்பத்திக்குப் பெயர் போன ரெட்டிச் என்ற ஆங்கிலேய நகரத்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் வண்டி அது. புல்லட் என்ற பெயர் 1932இலேயே வந்துவிட்டாலும், நாம் இன்று புல்லட் என்று அடையாளம் காணும் வடிவம் 1949இல் விற்பனைக்கு வந்த மாடலில்தான் அமைந்தது. பின்சக்கரத்துக்கு, அது மேலும் கீழும் அசைய இடம் தரும் ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்த பிரிட்டிஷ் வண்டிகள் அப்போது மிகச் சிலவே. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின; 1957இல் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு வந்தன; 1962 அளவில் எல்லாப் பாகங்களும் திருவொற்றியூர் ஆலையிலேயே தயாராகின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1977இல், சென்னையில் செய்த புல்லட்டை இங்கிலாந்துக்காரர்களே இறக்குமதி செய்து ஓட்டத் தொடங்கினார்கள். வேறெந்தப் பழைய பிரிட்டிஷ் வண்டிக்கும் இப்படி இரண்டாவது ஆயுள் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, ஓட்டாமல் வைத்திருப்பதற்குச் சாக்குச் சொல்ல மிகக் குறைந்த உரிமை உள்ளவர்கள் புல்லட் வைத்திருப்பவர்களே. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய எஞ்சின் சிற்சில மாற்றங்களோடு 2010 வாக்கில்தான் உற்பத்தியிலிருந்து நின்றது. பிஸ்டன், ரிங், வால்வு, பாயின்ட், கிளட்ச் பிளேட் என்று எதைக் கேட்டாலும் சென்னையின் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கிடைத்துவிடும், அங்கே இல்லாதது டெல்லி கரோல் பாக்கிலிருந்து கூரியரில் வரும்.

இவ்வளவு வசதி இருந்தும் கண்காட்சிக்காகப் புதுப்பிக்கிறவர்கள் செய்வது என்ன? முதலில் எஞ்சின் உறையை மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, வார்ப்பின் இயல்பான சொரசொரப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து விடுகிறார்கள். ஆலையில் கறுப்பு வண்ணமோ சாதாரண முலாமோ பூசப்பட்டிருந்த ஆணிகளும் தாங்கிகளும் குரோம் பூசப்பட்டுப் பளபளக்கின்றன. டேங்கின் தங்கக் கோட்டைத் திருவொற்றியூரில் தலைமுறையாகக் கையால் இழுத்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் முடிக்கும் அந்தக் கோட்டில் மயிரிழை அளவு ஏற்ற இறக்கம் இருக்கும், அதுதான் அதன் அழகு. அதைச் சுரண்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டி, மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சைக் கனமாக அடித்து விடுகிறார்கள். இதற்கும் ஒரு படி மேலே போய், எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பழைய எண்ணை அரத்தால் தேய்த்துப் புதிய எண்ணைக் குத்துகிறவர்களும் உண்டு. அது புதுப்பித்தல் ஆகாது, சட்டப்படி குற்றம்.

இதோடு தொடர்புடைய இன்னொரு வழக்கம், ரெட்டிச் பாகங்களைத் தேடி அலைவது. என் வண்டியின் காலத்தில் இறக்குமதியான பாகங்களும் இங்கே செய்த பாகங்களும் கலந்தே பொருத்தப்பட்டன. பிறகு வந்த அறுபது ஆண்டுகளில் எத்தனையோ மெக்கானிக்குகள் கையில் கிடைத்ததை வைத்து அதை ஓட வைத்திருக்கிறார்கள். நன்றாக வேலை செய்யும் திருவொற்றியூர் ராக்கர் பிளாக்கை (வால்வை இயக்கும் நெம்புகோலைத் தாங்கும் பாகம்) கழற்றி எறிந்துவிட்டு, தேய்ந்துபோன இங்கிலாந்துப் பாகத்தைப் பவுண்டு கொடுத்து வாங்கிப் பொருத்துவதில் என்ன பொருள் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வண்டி வாழ்ந்ததே இந்தப் பாகங்களோடுதான். (டீசல் எஞ்சினை ஏற்றி, பெட்ரோல் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மைலேஜுக்காக அப்படிப் பலியான நல்ல புல்லட்டுகள் ஏராளம்.)

ஓட்டும் நோக்கத்தோடு பிரித்தால் கவனம் வேறு இடங்களுக்குப் போகும். முதலில் ஸ்பானர். இந்த வண்டியின் மரைகள் மெட்ரிக் அளவில் அமைந்தவை அல்ல. பழைய பிரிட்டிஷ் அளவு முறையான விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. பிரிட்டிஷ் சைக்கிள் மரையின் கோணம் 60 பாகை, அங்குலத்துக்குப் பெரும்பாலும் 26 சுற்று. போதாக்குறைக்கு, விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் அளவு போல்ட்டின் தலையைக் குறிக்காமல் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். இது தெரியாமல் பக்கத்தில் கிடக்கும் மெட்ரிக் ஸ்பானரை மாட்டித் திருகுவதால்தான் நம் ஊர்ப் பழைய வண்டிகளில் பாதி நட்டுகள் முனை மழுங்கி உருண்டையாகிக் கிடக்கின்றன. வண்டிக்குச் செலவழிக்கும் முதல் பணம் சரியான ஸ்பானர் செட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். பெரும்பாலோர் முதலில் வாங்குவது சீட் கவர்தான்.

அடுத்தது எண்ணெய். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் புல்லட்டின் கனெக்டிங் ராடு, கீழ்முனையில் உருளைகள் இல்லாத மிதக்கும் புஷ் (உலோக வளையம்) ஒன்றின் மேல் சுழல்கிறது. அந்தப் புஷ்ஷுக்கும் கிராங்க் பின்னுக்கும் இடையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய் வரவில்லை என்றால் மிகக் குறைந்த நேரத்தில் கெட்டுவிடும். எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது, எஞ்சின் உறையின் பின்பகுதியே தொட்டி. அங்கிருந்து தள்ளுவதற்கு ஒரு பம்பும் திருப்பி இழுப்பதற்கு ஒரு பம்பும் கிராங்கின் முனையிலுள்ள திருகுப் பல்லால் இயங்குகின்றன. மாதக்கணக்கில் நின்ற வண்டியை உதைப்பதற்கு முன் பம்பில் எண்ணெய் நிறைந்திருக்கிறதா என்று உறுதி செய்து கொள்வதும், எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குப் போகும் குழாயின் திருகைச் சற்றுத் தளர்த்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பதும் அதனால்தான்.

கண்காட்சிக்காரர்கள் இங்கே ஒரு வாதம் வைப்பார்கள்: "மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன், போதாதா?" அது சும்மா நிறுத்தி வைப்பதைவிடக் கெடுதல். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் ஒரு பகுதி ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. எஞ்சின் முழுச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் அது எண்ணெயோடு கலந்து, பால் சேர்த்ததுபோல் வெளுத்த கசடாகி, பேரிங்கிலும் கியரிலும் துருவை ஏற்றும். இப்போது இதற்கு மேல் எத்தனால் வேறு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வழக்கமாகிவிட்ட நிலையில், காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் அந்த எரிபொருள் நின்ற வண்டியின் டேங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது, பழைய ரப்பர்க் குழாய்களை உப்ப வைக்கிறது, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. டேங்கின் உட்புறம் பூசும் சில சீலர்களையும் அது கரைத்துவிடும். வாரந்தோறும் ஓடும் வண்டியில் பெட்ரோல் தேங்குவதில்லை. சில வாரங்கள் எடுக்க முடியாது என்று தெரிந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே நல்லது.

ஓட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இதை உடல்பலம் தேவைப்படும் வேலையாக நினைக்கிறார்கள். பேட்டரி மின்சாரத்தில் தீப்பொறி உண்டாக்கும் காயில் இக்னிஷன் கொண்ட புல்லட்டில் ஆம்ப்ஸ் (மின்னோட்டம்) பார்த்து உதைக்கத் தெரிந்தால் ஒல்லியான மனிதரும் ஒரே உதையில் எழுப்பலாம். சாவியைத் திருகிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து, தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்ட் திறக்கும் கணத்தில் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சிறிது தாழ்த்தி, பிஸ்டனை உச்சியைத் தாண்டச் செய்து, டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரு முழு உதை. இதை விட்டுவிட்டு மூச்சு வாங்க உதைக்கிறவர்களைத்தான் வண்டி திருப்பி உதைக்கிறது. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி ஓட்டிவிட்டு இதில் ஏறுகிறவர் முதல் சில கிலோமீட்டர் தூரம் நெரிசல் இல்லாத தெருவிலேயே பழகிக் கொள்ள வேண்டும், அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்கே போகும். சிக்னலில் நியூட்ரல் தேடித் தவிக்காமலிருக்க, இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எந்தக் கியரிலிருந்தும் குதிகாலால் ஒரே அழுத்தில் நியூட்ரலுக்குக் கொண்டு வரும் நெம்புகோல் ஒன்று இருக்கிறது. இன்றைய வண்டிகளில் இப்படியொன்று ஏன் இல்லை என்று ஒவ்வொரு சிக்னலிலும் நினைத்துக் கொள்வேன்.

சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கொண்ட எஞ்சின் இது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 9 மீட்டர் பயணம் செய்கிறது. அதற்கு மேல் விரட்டினால் அதிர்வும் தேய்மானமும் வேகமாக ஏறும். மணிக்கு 60, 65 கிலோமீட்டரில் அது நாள் முழுவதும் ஓடும். எனவே நான்கு வழிச் சாலையின் நடுவில் இதை ஓட்டிக்கொண்டு போவது நமக்கும் பிறர்க்கும் இடைஞ்சல். திண்டிவனத்தில் பிரிந்து செஞ்சிக்குப் போகும் சாலை போன்றவையே இதன் வேகத்துக்கு ஏற்றவை. பிரேக் சிறிய டிரம் பிரேக் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. முன்னால் போகும் கார் நிற்கும் தூரத்தில் இது நிற்காது.

"ஓட்டினால் தேய்ந்துவிடுமே, அரிய பொருளல்லவா" என்று கேட்கிறவர்கள் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். 1914 வரை செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கென்றே பயனியர் ரன் என்ற பயணம் 1930இலிருந்து நடந்து வருகிறது. நூறு வயதைத் தாண்டிய வண்டிகள், பெல்ட் அறுந்தால் சாலையோரத்தில் மாட்டிக்கொண்டு, பிரைட்டன் கடற்கரைவரை தம் சக்கரத்திலேயே போகின்றன. வின்சென்ட் என்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பெரும் விலை போகிறவை. அவற்றின் உரிமையாளர் சங்கம் உதிரிப்பாக நிறுவனம் ஒன்றையே தொடங்கிப் புதிய பாகங்களைச் செய்து விற்கிறது, உறுப்பினர்கள் ஓட்டித் தேய்ப்பதற்காக. தேயும் பாகத்தை மீண்டும் செய்ய ஒருவர் இருக்க வேண்டுமானால் அதைத் தேய்க்க ஒருவர் இருக்க வேண்டும். ஓடும் வண்டிகள் இல்லாத ஊரில் கார்புரேட்டர் டியூன் செய்யத் தெரிந்த மெக்கானிக்கும் இருக்க மாட்டார், கிராங்க்கைச் சரி பார்த்துச் சேர்க்கத் தெரிந்த லேத் பட்டறையும் இருக்காது.

இனி சட்டம். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 50 ஆண்டுகளைத் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வாகனங்களுக்கு வின்டேஜ் என்ற தனிப் பதிவு. புதிதாகப் பதிவு செய்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். பாரம்பரிய வாகனங்களைச் சட்டம் அங்கீகரித்தது நல்லதுதான், தாளே இல்லாமல் கொட்டகையில் கிடந்த வண்டிகளுக்கு அது வழி திறந்தது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வழக்கமான பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போவது பேரணியில் அடங்குமா, பராமரிப்பில் அடங்குமா? இங்கிலாந்தில் 2018 மே மாதத்திலிருந்து, 40 ஆண்டுகளைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்தே விலக்கு அளித்திருக்கிறார்கள். பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது, ஓட்டத் தடையில்லை. நான் விலக்குக் கேட்கவில்லை. பழைய வண்டியின் பிரேக்கையும் விளக்கையும் அதிகாரி ஒருவர் பார்ப்பது தேவைதான். பார்த்துத் தகுதி என்று சொன்ன பிறகு ஓட்ட விட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எனவே, எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் பதிவு எண்ணோடு முறையான ஆர்.சி. கையில் இருக்கிறவர்கள், பெருமைக்காக வின்டேஜ் பதிவுக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் ஆலோசனை. சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொண்டால் இந்தக் கட்டுப்பாடு உங்களைத் தொடாது. என் வண்டிக்கும் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. அதற்குள் பின்சக்கர பிரேக் ஷூவை மாற்றி, ஹாரனைச் சரி செய்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டே போவதாக இருக்கிறேன்.