டவுன்லோடு செய்த கேமுக்கும் பணம் திரும்ப வரும்

"டவுன்லோடு பண்ணிய கேமுக்கு எங்கேயும் பணம் திரும்பக் கிடைக்காது, மறந்துவிடுங்கள்" என்று, வாங்கிய கேம் ஓடவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா எனக் கேட்ட கடலூர் தம்பிக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். தவறு. தம்பி, அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் 2015 ஜூனிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. வாங்கிய 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் காரணம் எதுவானாலும் கேட்கலாம். கம்ப்யூட்டரில் ஓடவில்லை, பிடிக்கவில்லை, எதுவும் போதும். கேமைச் சும்மா திறந்து வைத்திருந்தாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும், அதனால் முதலில் மூடிவிடுங்கள்.

சோனியின் பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாகக் கிடைக்காது என்பது சரி. அவர் அதை வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கேயும் கேம் பழுதாக இருந்தால் விதிவிலக்கு உண்டு. 2020 டிசம்பரில் பழுதுகளோடு வந்த சைபர்பங்க் 2077 என்ற கேமை சோனியே கடையிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

ஓடாத கேமை விற்றுவிட்டுக் கையை விரிப்பது நியாயமே இல்லை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அப்புறம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.