சிரிக்கத் தெரிந்த அறிவியல் கதைகள் எங்கள் கரைக்கு வேண்டும்

எதிர்காலத்தைப் பற்றிச் சிரிப்பே இல்லாமல் பேசுகிறவர்களை நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்த பலருக்கும் இந்தத் தயக்கம் இருக்கும். இங்கே கடலைப் பற்றிய பெரிய கனவுகள் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வந்திருக்கின்றன. சேதுக் கால்வாயை வெட்டலாம் என்று 1860-லேயே ஏ.டி.டெய்லர் என்ற ஆங்கிலேய அதிகாரி சொன்னார். 2005 ஜூலையில் அதற்குத் தொடக்க விழா நடந்தது. நடுவில் எத்தனை குழுக்கள், எத்தனை வரைபடங்கள்! கப்பலுக்கு எவ்வளவு தூரம் மிச்சம், எத்தனை மணி நேரம் மிச்சம் என்று பேசிய அளவுக்கு, பாம்பன்காரர் அன்றைக்கு எங்கே போய் வலை போடுவார் என்று பேசினார்களா?

நையாண்டியாக எழுதப்பட்ட அறிவியல் புனைகதைகள் விடாமல் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். ஆனால் தமிழில் அறிவியல் கதை என்றால் விண்கலமும் ஆய்வுக்கூடமும் கனமான வசனமும் இருக்கவேண்டும், சிரிப்பு வந்தால் தரம் இறங்கிவிடும் என்று ஓர் எண்ணம் படிந்துகிடக்கிறது. எனக்கு இது கொஞ்சமும் ஏற்பில்லை. சர்வாதிகாரம் நடக்கிற நாட்டில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேசவைத்தார் சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வில் வந்த கருவிகளை மறந்தவர்களுக்குக்கூட அந்த நாயின் குறும்பு நினைவிருக்கிறது.

செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1936-ல் வெளியிட்ட 'சாலமாண்டர்களோடு போர்' நாவலை மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்பேன். அவர் நாட்டில் கடலே இல்லை. ஆனாலும் கதை முத்துக் குளிப்பில்தான் தொடங்குகிறது. சுமத்ரா பக்கத்தில் ஒரு தீவு. கப்பல் தலைவர் ஒருவர் முத்துக் குளிக்கச் சிங்களவர்களைத் தண்ணீரில் இறக்குகிறார். அங்கே நிமிர்ந்து நடக்கும் சாலமாண்டர்கள், அதாவது பல்லி போன்ற உருவமுள்ள நீர்வாழ் பிராணிகள், கூட்டமாக வாழ்கின்றன. சுறாவை எதிர்க்க அவர் கத்தி கொடுக்கிறார், அவை முத்துச்சிப்பி கொண்டுவந்து கொடுக்கின்றன. இதுவரை கிட்டத்தட்ட நட்பு. அவர் இறந்தபிறகு கம்பெனி உருவாகிறது. சாலமாண்டர்களைத் தரம் பிரித்து, விலை போட்டு, கடலடி வேலைகளுக்கு விற்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் கரையைக் காக்க அவற்றின் கையில் ஆயுதத்தையும் கொடுக்கிறது. கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில்தான் அவற்றால் வாழமுடியும். கோடிக்கணக்கில் பெருகியதும் இன்னும் கரை வேண்டும் என்கின்றன. நிலத்தை வெடிவைத்துக் கரைக்கத் தொடங்குகின்றன.

இடையில் ஒரு காட்சி. லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருக்கும் ஒரு சாலமாண்டர், காவலரிடம் பேச்சுக் கற்றுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறது. அறிஞர்கள் வந்து கேள்வி கேட்டால், நாளிதழில் படித்ததையும் விளம்பரத்தில் பார்த்ததையும் அப்படியே ஒப்பிக்கிறது. அறிஞர்கள் கூடி அறிக்கை எழுதுகிறார்கள்: இதன் அறிவைப் பெரிதாக மதிக்கவேண்டாம், இக்காலத்துச் சராசரி மனிதனின் அறிவை இது எந்த வகையிலும் மிஞ்சவில்லை. படித்ததையெல்லாம் கோத்துப் பதில் சொல்லும் இயந்திரங்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்ட நாளில் இந்த இடத்தைத் திரும்பப் படித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் வேறெதுவும் படிக்க ஓடவில்லை.

அந்த நாவலில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் தன் கணக்குப்படி நியாயமாகத்தான் நடக்கிறார். அதுதான் என்னை உலுக்குகிறது, ஏனென்றால் இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1990-களில் மண்டபம் பக்கம் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பிறகு அதே பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இப்படிப்பட்ட கதையைக் கோபமாக எழுதினால் குற்றவாளி ஒருவரைத் தேடவேண்டியிருக்கும். நையாண்டிக்கு அந்த அவசியம் இல்லை. நல்ல எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சரிவதை அது படிப்படியாகக் காட்டிவிடும்.

ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் 1978-ல் பிபிசி வானொலிக்கு எழுதிய நாடகத் தொடரில் ஒருவனின் வீட்டைப் புறவழிச்சாலைக்காக இடிக்க வருகிறார்கள். திட்ட வரைபடம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதுதானே என்கிறார் அதிகாரி. அது இருந்த இடம் பூட்டிய அலமாரி. அலமாரி இருந்தது பாழடைந்த கழிப்பறை. கதவில் 'சிறுத்தை ஜாக்கிரதை' என்று பலகை. அதே நாளில் விண்வெளிப் புறவழிக்காகப் பூமியையே இடிக்க வேற்றுக்கிரகத்தார் வருகிறார்கள். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: வரைபடம் 50 ஆண்டுகளாக ஆல்ஃபா சென்டாரி என்ற விண்மீன் பக்கம் பார்வைக்கு இருந்ததே! நம் ஊர்க் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் பல நூறு பக்க அறிக்கை, தமிழில் ஒரு சுருக்கம். கடலுக்குப் போய் விடியற்காலையில் கரைதிரும்பியவர் அதைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லவேண்டும். ஆடம்ஸின் கழிப்பறைக் காட்சியை இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905-ல் நம் சென்னையிலிருந்து பெண்களுக்காக வந்த ஓர் ஆங்கில இதழில் வெளியானது. அதில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில். சூரிய வெப்பத்தில் சமையல், வானத்திலிருந்தே மழைநீரை இழுக்கும் கருவி. ஓர் ஆண் நாளுக்கு 12 சுருட்டுப் பிடித்தால், சுருட்டுக்கு அரை மணி வீதம் 6 மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது, ஆகவே ஆபீஸ் வேலையைப் பெண்கள் 2 மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்று கணக்கும் உண்டு. பாசி எடுக்கக் கடலில் இறங்கி, கரையேறி, வீட்டு வேலையும் பார்க்கிற பாம்பன் பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

1964 புயலில் தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோன ஊரில் கடலைப் பற்றி என்ன சிரிப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செத்தவர்களைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமை இல்லை. இயந்திரத்தைக் கண்டு மிரளும் கிராமத்தானைக் கேலிப்பொருளாக்கும் நகைச்சுவையும் எனக்கு வெறுப்பைத்தான் தருகிறது. சிரிப்பு திட்டம் போடுகிறவர்கள் பக்கம் திரும்பவேண்டும். கலாம் கனவு காணச் சொன்ன மண் இது. அந்தக் கனவுக்கும் இந்தச் சிரிப்புக்கும் பகை கிடையாது.

நான் படிக்க ஆசைப்படும் கதை ஒன்றைச் சொல்கிறேன். கடல்மட்டம் ஏறி, ராமேஸ்வரம் தீவில் பாதி போய்விட்டது. ஒரு அம்மா மூழ்கிய மனைக்கு நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கிறார். கவுன்டரில் இருக்கும் ரோபோ மிகுந்த மரியாதையோடு, "நிலம் தண்ணீருக்குள் இருப்பதை விஏஓ நேரில் பார்த்துச் சான்று தரவேண்டும் அம்மா" என்கிறது. அந்த அம்மா விஏஓவை வல்லத்தில் ஏற்றிக் கூட்டிப்போகிறார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் தெரிகிறது, நிலம் தெரியவில்லையே, எதற்குச் சான்று தருவது?" என்கிறார்.

இங்கிருந்து யாராவது தொடருங்கள். பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016 முதல் 'கடல் ஓசை' 90.4 பண்பலை இருக்கிறது. ஆடம்ஸின் தொடரும் வானொலியில்தான் பிறந்தது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள், காதுகள் சும்மாதான் இருக்கும். தங்கச்சிமடம், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, எழுத ஆசை இருந்தால் கீழே சொல்லுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் அடுத்த தடைக்காலத்துக்குள் ஒரு தொடரை எழுதி முடித்துவிடலாம்.