கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்

லோயர் பெர்த். 20-ஆம் நம்பர். டிக்கெட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது. ரயில் தாம்பரம் தாண்டுவதற்குள் ஒரு மனிதர் அந்த 20-ல் தன் கட்டைப்பை, தண்ணீர்க் கேன், தூங்கும் குழந்தை, குழந்தையின் கரடி பொம்மை எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறார்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்."

கொஞ்சமாம்.

இந்தக் கொஞ்சம் எப்படி வளரும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். முதலில் பை. "மேடம், இந்தப் பை மட்டும்." சரி. அடுத்தது குழந்தை. "அக்கா, பாப்பா ஜன்னல் பக்கம் இருந்தா அழாது." குழந்தைதானே, சரி. செங்கல்பட்டு வருவதற்குள் நான் அம்மா ஆகிவிட்டேன். "அம்மா, எங்க அப்பர் பெர்த் ஒண்ணு அடுத்த தடுப்புல விழுந்துடுச்சு. நீங்க அங்க போயிட்டா நாங்க ஃபேமிலியா ஒண்ணா இருந்துப்போம்." மேடம் என்றால் ஒரு பை, அக்கா என்றால் அரை சீட்டு, அம்மா என்றால் முழுப் படுக்கையும் போச்சு. இன்னும் ஒரு ஸ்டேஷன் போயிருந்தால் தெய்வமே என்று கும்பிட்டு என்னை வண்டியை விட்டே இறக்கியிருப்பார்.

"முட்டி வலி தம்பி, மேல ஏற முடியாது" என்றேன். "மெதுவா ஏறுங்கம்மா, நாங்க பிடிச்சுக்கிறோம்." நல்லது. ராத்திரி இரண்டு மணிக்கு நான் பாத்ரூம் போக வேண்டுமே, அப்போது? உற்சவமூர்த்தியை வாகனத்திலிருந்து இறக்குகிற மாதிரி நாலு பேர் வந்து இறக்குவீர்களா? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். ஏனென்றால் அடுத்த வாக்கியம் இது: "அப்பர்ல யாரும் டிஸ்டர்ப் பண்ண மாட்டாங்கம்மா. நிம்மதியாத் தூங்கலாம்." அவ்வளவு நிம்மதியான இடத்தை எனக்குத் தூக்கிக் கொடுக்க அவருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு.

இந்த லோயர் எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. 60 நாள் முன்னாடி, காலை 8 மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போட்டது. தனியாகப் போகும் பெண்ணுக்கு 45 வயது ஆகிவிட்டால் லோயர் கோட்டா உண்டு. அந்த வயதை எட்டியதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். 58-ல் கட்டணச் சலுகை வரும் என்று காத்திருந்தேன், அதையும் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது இந்த ஆறடிப் பலகை. அதையும் அட்ஜஸ்ட் பண்ண வேண்டுமாம்.

இப்போது எதிர் லோயர் பெரியவர் வருகிறார். அதாவது, அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் பேப்பரை மடிக்கிறார். "ஒரு நைட்டுதானேம்மா. சின்னக் குழந்தை. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே." அவருக்கும் லோயர்தான். 17. "அப்போ நீங்க உங்க பெர்த்தைக் கொடுங்களேன் சார்" என்றேன். முகம் மாறிவிட்டது. "எனக்கு சுகர்மா. அடிக்கடி எந்திரிக்கணும்." பேப்பர் மறுபடி விரிந்தது. அடுத்தவர் பெர்த்தைத் தானம் செய்யும்போது கர்ணன், தன் பெர்த் என்றதும் சுகர். இந்தப் பெரியவர் இல்லாமல் தமிழ்நாட்டில் ஒரு ரயில்கூடக் கிளம்புவதில்லை என்று நினைக்கிறேன்.

டி.டி.ஆர். வந்தார். ஆள் நியாயமானவர். "அது மேடத்தோட விருப்பம் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அங்கேதான் வினையே. என் விருப்பம் என்று ஆனதும் அந்தத் தடுப்பில் இருந்த அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பின. ஒரு குடும்பத்தைப் பிரிக்கும் கல்நெஞ்சக்காரி இவள்தான். பிரிவு எவ்வளவு தூரம்? நடுவில் ஒரே ஒரு தடுப்பு. இருமினால் கேட்கும்.

இங்கிலீஷ்காரன் இந்தச் சொல்லைப் பாவம் எவ்வளவு சாதுவாக வைத்திருந்தான்! மூக்குக்கண்ணாடி இறங்கினால் அட்ஜஸ்ட். கடிகாரம் பிந்தினால் அட்ஜஸ்ட். வருடக் கடைசியில் கணக்கர் நாலு அட்ஜஸ்ட்மெண்ட் என்ட்ரி போடுவார். புது ஊருக்குக் குடிபோனால் அந்த ஊருக்கு ஏற்றபடி தன்னை அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள். தன் பொருளை, இல்லாவிட்டால் தன்னை. அவ்வளவுதான் அதன் எல்லை. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். மொட்டைமாடியில் அண்ணன் ஆன்டெனாவைத் திருப்புவான், கீழே இருந்து நாம் கத்துவோம்: "இன்னும் கொஞ்சம்! ஐயோ போச்சு! பழைய இடத்துக்கே திருப்பு!" ஒழுங்கான அட்ஜஸ்ட் அதோடு செத்தது. கேபிள் வந்தது, ஆன்டெனா போனது, வேலையில்லாமல் நின்ற சொல் மனுஷன் மேல் பாய்ந்துவிட்டது.

லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் பக்கத்தில் என்று அர்த்தம். பிரெஞ்சு வழியாகச் சுற்றி இங்கிலீஷுக்கு வந்த இந்தச் சொல்லின் வேர் அது. பக்கத்தில் கொண்டுவருவது. அந்த மனிதர் அதைத்தான் செய்தார். முதலில் பக்கத்தில், அப்புறம் இன்னும் பக்கத்தில், அப்புறம் கரடி பொம்மை என் மடியில்.

தமிழில் கேட்டால் மாட்டிக்கொள்வார்கள், அதுதான் விஷயம். "தள்ளி உக்காருங்க" என்றால் எவ்வளவு தள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. "விட்டுக்கொடுங்க" என்றால் கொடுத்தது நான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், வாங்கினவர் நன்றி சொல்ல வேண்டிவரும். அட்ஜஸ்ட்டில் அந்தத் தொல்லையே கிடையாது. கேட்டவர் எதையும் வாங்கவில்லை, நான் எதையும் கொடுக்கவில்லை, ஆனால் என் பெர்த்தைக் காணோம்.

எங்கே போனாலும் இதுதான். ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே நாலு பேர் ஒட்டி உட்கார்ந்திருக்க, "ஒரு ஆள்தான், அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க." கடையில் "ரெண்டு ரூபா சில்லறை இல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." நான் இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு அதையே சொல்லிப் பார்க்கட்டுமா? பெங்களூர்க்காரர்கள் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பதை ஊரின் குணம் என்றே சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். வடக்கே போனால் "தோடா அட்ஜஸ்ட்". தண்ணீருக்கும் மொழிக்கும் அடித்துக்கொள்கிற மாநிலங்கள், பக்கத்து சீட்டுக்காரியின் இடுப்பை நசுக்குவதில் மட்டும் ஒரே நாடு.

பெண் பார்க்க வந்தால் சொஜ்ஜியை விழுங்கிக்கொண்டே கேட்கிறார்கள்: "பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப் போற டைப்தானே?" பையன் என்ன டைப் என்று இதுவரை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. சினிமாவில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதும் ஊரறிந்த ரகசியம். மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, அட்ஜஸ்ட்மெண்ட், காம்ப்ரமைஸ் என்ற இரண்டு சொற்களும் அங்கே பெண்களிடம் எதைக் கேட்கப் பயன்படுகின்றன என்று அறிக்கையிலேயே ஏறிவிட்டது. அங்கேயும் அதே தந்திரம்தான். கேட்கிறவன் எதையும் கேட்கவில்லை. மறுக்கிறவள்தான் திமிர் பிடித்தவள்.

சரி, இதற்கு மேல் போனால் ரத்தக்கொதிப்பு ஏறும். ரயிலுக்கே வருகிறேன்.

நான் அப்பருக்குப் போகவில்லை. கடைசிவரை அசையவில்லை. பத்து மணி ஆனது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை அவரவர் பெர்த்தில் அவரவர் படுக்கலாம் என்பது விதி. அந்த விதியை நம்பிப் போர்வையை விரித்தேன். "அம்மா, பாப்பா மட்டும் உங்க கால்மாட்டுல. ஓரமா. ஒண்ணும் பண்ணாது." என்ன சொல்வது? அது அதற்குள் தூங்கிவிட்டது, என் கால்மாட்டிலேயே. விழுப்புரத்தில் அது ஓரத்தில் இருந்தது. திருச்சியில் அது நடுவில், நான் ஓரத்தில். முட்டியை மடக்கி, தடுப்புச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன், அது தூக்கத்தில் என் இடுப்பை உதைக்கிறது. அதன் அப்பா அடுத்த தடுப்பு அப்பரில் குறட்டை. உண்மைதான், அங்கே யாரும் அவரை டிஸ்டர்ப் பண்ணவில்லை.

விடிந்து கோவில்பட்டி வரும்போது அவர் மனைவி தலையைப் பின்னிக்கொண்டே கேட்கிறார், "நல்லாத் தூங்கினீங்களாம்மா?" நான் பதில் சொல்வதற்குள் ஒரு யோசனையும் வருகிறது: "அடுத்த தடவை நீங்க சைடு லோயர் போடுங்கம்மா. யாரும் கேக்க மாட்டாங்க." சைடு லோயர்! இரண்டு சீட்டு முதுகையும் மடக்கிப் போட்டால் நடுவில் ஒரு பிளவு இருக்குமே, சரியாக இடுப்பு எலும்பு இறங்குகிற இடத்தில், அந்த சைடு லோயர். என் நலனில் என்ன ஒரு அக்கறை!

சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே. அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தது, எதற்கென்று தெரியாமல். அப்போதுதான் முந்தின ராத்திரி நான் சாப்பிடாமலே படுத்தது ஞாபகம் வந்தது. இட்லிப் பொட்டலம் பையிலேயே இருக்கிறது. பிரித்தால் சட்னிப் பாக்கெட். இதைக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக இருந்தேன். சட்னிப் பாக்கெட்டுக்கு நூல் சுற்றுகிறவரே, யாரய்யா நீர்? அதற்குள் என்ன வைரமா இருக்கிறது? முடிச்சே இல்லாமல் இருபது சுற்று சுற்றி நுனியை எங்கே ஒளித்து வைக்கிறீர்? நகத்தால் பிய்த்தேன், வரவில்லை. பல்லால் கடித்தேன். மொத்தச் சட்னியும் புடவையில்.