அவன் வெளியே வருகிறான் என்று அவளுக்கு யார் சொல்வது?

2022 ஆகஸ்ட் 15 அன்று கோத்ரா கிளைச் சிறையிலிருந்து 11 ஆயுள் தண்டனைக் கைதிகள் விடுதலையானார்கள். வாசலிலேயே இனிப்பு கொடுத்தார்கள், அப்புறம் மாலை போட்டார்கள். 2002 குஜராத் கலவரத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த பில்கிஸ் பானுவைக் கூட்டாக வன்புணர்ந்து, அவருடைய மூன்று வயது மகள் உட்பட குடும்பத்தினரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் இவர்கள். இந்த விடுதலை பில்கிஸ் குடும்பத்துக்கு எப்படித் தெரிந்தது? செய்தி பார்த்துத்தான். இவ்வளவு பெரிய முடிவை எடுக்கும் முன் தன்னுடைய பாதுகாப்பைப் பற்றி யாருமே விசாரிக்கவில்லை என்று அவர் பிறகு அறிக்கை விட்டார்.

அந்தக் கோப்பு எத்தனை மேசைகளைக் கடந்து வந்தது என்று பாருங்கள். சிறைக் கண்காணிப்பாளர், மாவட்ட எஸ்.பி., கலெக்டர், சிறை ஆலோசனைக் குழு, சி.பி.ஐ., மும்பை சிறப்பு நீதிமன்றம் என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். சி.பி.ஐ.யும் மும்பை நீதிபதியும் வேண்டாம் என்று சொன்னதும் அந்தக் கோப்பில் இருக்கிறது. கடைசியில் மத்திய உள்துறையின் ஒப்புதலும் வந்தது. அந்த வழியில் எங்குமே பில்கிஸ் என்கிற பெண் இல்லை.

2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது, 11 பேரும் திரும்பச் சிறைக்குப் போனார்கள். அன்று நிறையப் பேர் நிம்மதியடைந்தோம். ஆனால் எதற்காக ரத்து செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கு மும்பையில் நடந்ததால் முடிவெடுக்கும் அதிகாரம் குஜராத்துக்கு இல்லை, மகாராஷ்டிராவுக்குத்தான் உண்டு என்பது முதல் காரணம். குஜராத் முடிவெடுக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் முந்தைய உத்தரவை உண்மைகளை மறைத்து வாங்கினார்கள் என்பது இன்னொன்று. பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லாமல் விட்டதற்காக அது ரத்தாகவில்லை. சரியான மாநிலம், சரியான கோப்போடு, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மின்னணு வழியில் சொன்னாலும் போதும் என்று வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. அதே சட்டத்தில் தண்டனைக் குறைப்பு பற்றிய 473ஆம் பிரிவைப் படித்தால், தண்டித்த நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இல்லை. வழக்கு பதிவான புதிதில் இருக்கும் அக்கறை, பதினைந்து வருடம் கழித்து அவன் சிறையை விட்டு வரும்போது எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் இதற்கு மதுரை மாவட்டத்து மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று, பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக மாறிய ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008இல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மூன்று பேர் விடுதலையானார்கள். 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய திட்டத்தில் 13 பேர் வெளியே வந்தார்கள். அந்த அரசாணை நகலைக் கேட்டே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. நீதிபதிகள் தலையிட்டு, விடுதலையானவர்கள் மேலவளவுக்குள் போகக் கூடாது, வேலூரில் தங்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். சிறைக் கதவு திறந்த பிறகு நீதிமன்றம் யோசித்த இந்தப் பாதுகாப்பை, கதவு திறக்கும் முன்பே அரசு யோசித்திருக்க வேண்டும்.

நான் முன்விடுதலைக்கு எதிரானவன் இல்லை. இருபது வருடம் உள்ளே இருந்து நோயாளியாகிப் போனவரை இன்னும் அடைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. பரோலும் வேண்டும், அம்மா சாவுக்கு மகன் வர வேண்டும். விடுதலை செய்யலாமா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. முடிவெடுத்துவிட்டால் முன்னாடியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டும் வேறு வேறு.

ஏன் முன்னாடியே? எங்கள் பகுதியில் இப்படித்தான் ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது: எதிர்த் தெருவில் வெடிச் சத்தம் கேட்டது, பையன் ஓடி வந்து யார் வந்திருக்கிறார்கள் என்று சொன்னான். அவள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் ஜாமீனில் வந்திருந்தான். ஒரு வாரம் முன்பே தெரிந்திருந்தால் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள், பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பாள். ஜாமீனில் என்ன நிபந்தனை போட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. தினமும் காலையில் எந்த ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், எந்த ஊருக்குள் வரக் கூடாது என்பதே தெரியாதவள், அவன் அதை மீறினான் என்று எப்படிப் புகார் கொடுப்பாள்? நிபந்தனையை மீறுவதை முதலில் பார்க்கப்போகிறவளுக்கு அந்த உத்தரவின் நகல் இல்லை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1993 டிசம்பரில் மேரி பைரன் என்ற பெண் தன் 21ஆம் பிறந்தநாளன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அவருடைய முன்னாள் காதலன், அவரைப் பலாத்காரம் செய்த வழக்கில் சிறையில் இருந்தவன். ஜாமீனில் வெளியே வந்தது அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே அங்கே ஒரு ஏற்பாடு வந்தது. கைதி வெளியே போனதும் பதிவு செய்துவைத்தவருக்குத் தானாகவே போன் போகும். எடுத்து ரகசிய எண்ணை அழுத்தும்வரை திரும்பத் திரும்ப அடிக்கும். செல்போன் அரிதாக இருந்த 1994இல் செய்ததை இன்று நம்மால் செய்ய முடியாதா?

ஆனால் அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. நம் ஊரில் போலீஸ் ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். வன்புணர்வு வழக்கை யாரிடமும் சொல்லாமல் வேறு ஊரில் கல்யாணமாகி வாழ்கிற பெண்ணுக்கு, ‘தகவல் சொல்ல வந்தோம்’ என்று காக்கிச் சட்டையில் இரண்டு பேர் வந்தால் அதுவே அடுத்த அழிவு. தகவல் வேண்டுமா வேண்டாமா, யார் மூலம், எந்த எண்ணுக்கு என்பதையெல்லாம் தீர்ப்பு வந்த அன்றே அவரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பின்னால் மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு, அதுவும் அவர்கள் உரிமை.

சட்டம் மொத்தமாகக் காலியாகவும் இல்லை. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் உட்பட நீதிமன்ற நடவடிக்கைகளை உரிய நேரத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. ஜாமீன், விடுதலை, பரோல் நடவடிக்கைகளில் தன் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை தருகிறது. இது கட்டாயம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, ராஜஸ்தானில் குடும்பத்துக்குத் தெரிவிக்காமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகளும் குற்றம் சாட்டப்பட்டவரின் ஜாமீன், விடுதலை நிலவரத்தைக் குழந்தையின் குடும்பத்துக்குச் சொல்லச் சொல்கின்றன. இதை எல்லா வன்முறைக் குற்றங்களுக்கும், சிறை விதிகளுக்கும் நீட்ட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இந்த இரண்டு சட்டங்களில் வழக்கு நடந்தால், இன்றே அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு மனு எழுதுங்கள். ஜாமீன், பரோல், விடுதலை எதுவானாலும் எனக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று எழுதி, போன் நம்பரைப் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். நாளைக்கு யாரும் சொல்லவில்லை என்று நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வந்தால் அந்தத் தாள் பேசும்.