மணியைத் திரும்ப மண்ணுக்குள் வைக்கச் சொல்கிறார்கள்

"அந்த மணியைத் திரும்ப மண்ணுக்குள்ள வச்சு, பிரஷ்ஷால லேசா தட்டுங்க சார். படம் நல்லா வரும்."

நேற்று மதியம் எங்கள் அகழாய்வுக் குழிக்குப் படமெடுக்க வந்தவர் சொன்னது. இன்னும் என் கோபம் இறங்கவில்லை.

அந்தச் சூதுபவள மணி, அதாவது மாலையில் கோக்கிற சிவப்புக் கல் மணி, மண்ணிலிருந்து பளபளவென்று எட்டிப் பார்க்கவில்லை. சல்லடையில் சிக்கியது. காலையிலிருந்து குனிந்து சலித்துக்கொண்டிருந்த அக்கா, மிளகளவே இருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்து, "தம்பி, இது சும்மா கல்லு மாதிரி தெரியலையே" என்று நீட்டினார். அவரைத்தான் "தள்ளி நில்லுங்கம்மா, நிழல் விழுது" என்று ஒதுக்கினார் வந்தவர்.

முடியாது என்றேன். "ஒரு நிமிஷம்தான் சார்." முடியாது. "மண்ணுல இருந்து வந்ததுதானே, மண்ணுல வச்சா என்ன?"

என்னவா? எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதுதானே இங்கே எல்லாமே! கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்று காலம் காட்டியது. ஆழத்தைக் குறிக்காமல் விட்டிருந்தால் அது வெறும் அடுப்புக்கரி.

"சரி, சும்மா சுவரையாவது தடவுங்க" என்றார் அப்புறம். ஏன் எல்லோருக்கும் அந்த பிரஷ் மேலேயே கண்? நாலுக்கு நாலு மீட்டர் குழியைக் கடப்பாரையும் மண்வெட்டியும் போட்டுத்தான் இறக்குகிறோம். பிரஷ் கடைசியில் வருவது. நாங்களே ஆவணத்துக்கு எடுக்கும் படத்துக்கு, முந்தின நாள் முழுக்கச் சுவரைச் சீவி, காலடித் தடத்தையெல்லாம் அழித்து, அளவுகோலை வைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். அது வேண்டியதுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு என் மாமா, "மண்ணைத் தடவுறதுக்கு ஒரு சம்பளமா?" என்கிறார்! மழையில் குழி குளமாகி, விடிய விடிய மோட்டார் வைத்து இறைத்த அன்று வந்து பார்த்திருக்க வேண்டும். கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றாக எண் எழுத வேண்டிய பானை ஓடு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் ஒரு கேமராவும் திரும்புவதில்லை.

கடைசியில் மணியை என் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். வெயில் பட்டு மின்னுகிறதாம், மணிக்குக் குடை பிடித்தார்கள். சலிக்கிற இடத்துக்கு ஒரு கீற்றுப் பந்தல் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அந்த அக்கா இன்றைக்கும் வெயிலில்தான் நிற்கிறார்.