அட்டைப்படத்தில் எது தாக்கம், எது சுட்டது

பழைய அமெரிக்க காமிக்ஸ் அட்டைகள் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "இது அங்கிருந்து சுட்டது, அது இங்கிருந்து சுட்டது" என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறோம். எடுக்காத ஓவியர் யாருமே இல்லை. எடுத்ததை அந்த அட்டையின் தேவைக்கு ஏற்ப மாற்றினாரா, அப்படியே ஒட்டினாரா என்று பார்த்தால்தான் ஓவியரின் கை தெரியும்.

1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27, பேட்மேன் முதன்முதலில் தோன்றிய இதழ். அட்டையில் பாப் கேன் வரைந்த உருவம், அலெக்ஸ் ரேமண்டின் ஃப்ளாஷ் கார்டன் செய்தித்தாள் தொடரிலிருந்து வந்தது. மஞ்சள் பின்னணியும் வவ்வால் சிறகும் கண்ணை இழுக்கின்றன, உண்மைதான். ஆனால் ஒரு ஆளைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு கயிற்றில் தொங்குகிறவன் உடம்பில் அந்தப் பாரம் தெரியவில்லை. சரித்திர மதிப்பு வேறு, படத்தின் தரம் வேறு. நாலு மாதம் கழித்து வந்த 31ஆம் இதழ்தான் என் தேர்வு: கோட்டைக்குப் பின்னால், கோட்டையைவிடப் பெரிதாக எழுந்து நிற்கிறான் பேட்மேன். 1970 டிசம்பரில் ஓவியர் நீல் ஆடம்ஸ் 'பேட்மேன்' 227க்கு இதே அமைப்பைத்தான் எடுத்தார். ஆனால் அவர் விளம்பரப் படங்களிலும், 'பென் கேஸி' என்ற செய்தித்தாள் தொடரிலும் புகைப்படம் போல வரைந்து பழகிய கை. அதனால் 1939இல் வெறும் கருப்பு வடிவமாக இருந்த அங்கி, இவரிடம் எடையுள்ள துணியாகிவிட்டது. தாக்கம் என்றால் இதுதான்.

அதே காலத்துக் காமிக்ஸ் ஓவியர் லூ ஃபைன் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அது ஒரு குறை. 1940 பிப்ரவரி 'ஃபென்டாஸ்டிக் காமிக்ஸ்' 3இல், கதாநாயகன் சாம்சன் ராட்சத ரோபோவோடு மோதும் அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபைனுக்குப் பிடித்தவர்கள் ஜெர்மனியின் பேனா ஓவியர் ஹைன்ரிக் க்ளே, அமெரிக்க இதழ் ஓவியர்கள் லெயன்டெக்கர், டீன் கார்ன்வெல். க்ளேயின் பேனாவில் யானைகூட நடனம் ஆடும், அதே சமயம் யானையின் கனமும் குறையாது. ஃபைனின் உடல்களில் இருக்கிற அந்த முறுக்கலும் நீட்சியும் அங்கிருந்து வந்தவை. துணி மடிப்பில் பட்டை பட்டையாக ஒளி விழுவது லெயன்டெக்கர் வழி.

இதில் அச்சு எங்கே காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மூலப்படத்தை அச்சாகும் அளவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக வரைவார்கள். பாதியாகச் சுருக்கும்போது கோட்டின் தடிமனும் பாதியாகும். மெல்லிய கோடு அங்கங்கே அறுந்துபோகும். நெருக்கமான கோடுகளுக்கு நடுவில் விட்ட வெள்ளையை மை அடைத்துக்கொள்ளும். வண்ணத் தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் சிவப்பு, உதட்டை விட்டுக் கன்னத்துக்குப் போய்விடும். உள்பக்க மட்டத் தாளைவிட அட்டையின் வழவழப்பான தாள் கோட்டை நன்றாகத் தாங்கும். ஃபைனின் முழுத் திறமையையும் அட்டைகளில் பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஓவியர் மேக் ரபாய் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டார். ஃபாசெட் நிறுவனத்தின் 'மாஸ்டர் காமிக்ஸ்' அட்டைகளில் அவருடைய கேப்டன் மார்வெல் ஜூனியர் பெரும்பாலும் ஒற்றை உருவம், சுற்றிலும் தட்டையான நிறம், அவ்வளவுதான். ரேமண்டின் ஃப்ளாஷ் கார்டன்தான் அவருக்குப் பாடப்புத்தகம். கேன் உருவத்தின் நிலையை எடுத்தார் என்றால், ரபாய் தூரிகை நுனியில் கோடு மெலிந்து முடிகிற விதத்தை எடுத்தார். கை மெதுவானது என்பதால், ஏற்கெனவே வரைந்த உருவங்களின் நகலை வெட்டி ஒட்டியும் வேலையை முடித்திருக்கிறார். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். பின்னாளில், 1948இல், ஃப்ளாஷ் கார்டன் ஞாயிற்றுக்கிழமைத் தொடரே அவர் கைக்கு வந்தது.

ஓவியர் ஃப்ராங்க் ஃப்ரசெட்டாவின் 'வியர்ட் சயன்ஸ்-ஃபேன்டஸி' 29 (1955) அட்டை காமிக்ஸ் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் விண்வெளி வீரன் பக் ரோஜர்ஸுக்காக, 'ஃபேமஸ் ஃபன்னிஸ்' அட்டையாக வரைந்தது. வன்முறை அதிகம் என்று அந்த இதழ்க்காரர்கள் ஒதுக்க, சில மாற்றங்களோடு இ.சி. என்ற காமிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. இ.சி. வழக்கமாக மூலப்படத்தையும் தானே வைத்துக்கொள்ளும். இந்த முறை அச்சிடும் உரிமை மட்டும்தான் அதற்குக் கிடைத்தது. உடல்களைக் குவித்து அடுக்கியிருக்கும் விதத்தில் ஹால் ஃபாஸ்டர் செய்தித்தாளில் வரைந்த டார்ஜான் பக்கங்களைப் படித்த கை தெரிகிறது.

கடைசியாக மார்வெல் நிறுவனத்துக்கு வரைந்த ஜிம் ஸ்டெரான்கோ. 'நிக் ஃப்யூரி' 7ஆம் இதழின், ஸ்பெயினின் கனவுலக ஓவியர் சால்வடோர் டாலி பாணி அட்டையை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். பார்த்தவுடனே டாலி என்று தெரிந்துவிடுகிறது, என் மனக்குறையும் அதுவே. அதே 1968இல் வந்த ஹல்க் சிறப்பிதழ் முதல் எண் அதைவிடப் பல படி மேல். கல்லில் செதுக்கியது போன்ற தலைப்பு எழுத்துகள் விரிசல் விட்டு இடிகின்றன, ஹல்க் அவற்றை முதுகில் தாங்கி நிற்கிறான். இது மூத்த காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னரிடம் கற்றது. 1940இல் தொடங்கிய அவருடைய 'தி ஸ்பிரிட்' காமிக்ஸ், செய்தித்தாளோடு வந்த இணைப்பு. தனி அட்டை கிடையாது, முதல் பக்கமே அட்டை வேலையும் செய்தாக வேண்டும். அதனால் ஐஸ்னர் தலைப்பைக் கட்டடமாகவும் காற்றில் பறக்கும் காகிதமாகவும் காட்சிக்குள்ளேயே வைத்தார். ஸ்டெரான்கோ அந்த யோசனையை எடுத்து, தலைப்பையே பாரமாக்கிவிட்டார். ஒரு வருத்தம்: அச்சில் நாம் பார்க்கிற ஹல்க் முகம் அவர் வரைந்தது அல்ல, மார்வெலின் இன்னொரு ஓவியர் மேரி செவரின் திருத்தி வரைந்தது.

இரண்டு அட்டைகளை ஒப்பிடும்போது முகத்தை விட்டுவிடுங்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது, இந்த மூன்றையும் பாருங்கள். கூடுமானவரை முதல் அச்சின் ஸ்கேனைத் தேடுங்கள். கணினியில் புதிதாக வண்ணம் பூசிய மறுபதிப்புகளில், ஓவியர் கோட்டிலேயே போட்டுவிட்ட நிழலுக்கு மேல் இன்னொரு நிழலை ஏற்றிவிடுகிறார்கள். ஃபைனின் தசைகள் அதில் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடுகின்றன, க்ளேயின் தடமே தெரியாது.